‘உடன்படி’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழில் எழுதிவரும் தரவுதள நிர்வாகக் கையேடு, ஒரு கோப்பைப் பல இடங்களில் ஒருசேர எழுதிவைப்பதைக் குறிக்கும் ‘மல்டிபிளெக்ஸிங்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு வாரமாக முட்டிக்கொண்டு நிற்கிறது. ராணிப்பேட்டை நண்பர் ‘பன்மடியாக்கம்’ என்கிறார். குடியாத்தம் ஆசிரியர் ஐயா ‘மிகைநகல்’ என்கிறார். எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. முதலாவது எண்ணிக்கையைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. இரண்டாவது ஆபத்தானது. மிகை என்றால் நம் காதில் வேண்டாதது என்றுதான் விழும். வட்டில் இடம் போதவில்லை என்றால் புதிய நிர்வாகி முதலில் அழிப்பது அதைத்தான்.

ஆங்கிலச் சொல்லின் வாலைப் பிடித்துப் போவதிலும் பயனில்லை. தொலைத்தொடர்பில் அதே சொல் பல குறிப்பலைகளை ஒரே தடத்தில் ஏற்றுவதைக் குறிக்கும். இங்கே நடப்பது ஒன்றையே பல இடங்களில் எழுதுவது.

ஆரக்கிள் என்ற தரவுதள மென்பொருளின் கட்டுப்பாட்டுக் கோப்பு (control file) அளவில் சிறியது. ஆனால் தரவுதளத்தின் பெயர், தரவுக் கோப்புகளும், மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைக்கும் மீள்செயல் பதிவேடுகளும் (redo log) இருக்கும் இடம், மாற்றங்கள் எதுவரை தரவுக் கோப்புகளில் சேர்ந்தன என்று காட்டும் கடைசிச் சரிநிலைப் புள்ளி எல்லாம் அதற்குள்தான். அது போய்விட்டால், தரவு முழுவதும் பத்திரமாக இருந்தும் தரவுதளத்தைத் திறக்க முடியாது. அதனால்தான் அதை வெவ்வேறு வட்டுகளில் குறைந்தது இரண்டாக வைக்கச் சொல்கிறார்கள். ஒன்றை எழுதி முடித்து, பிறகு அதைப் பார்த்து மற்றொன்றை எழுதுவதில்லை. ஒவ்வொரு மாற்றமும் எல்லாவற்றிலும் சேர்ந்தே எழுதப்படுகிறது.

ஆகவே நகல் என்ற சொல்லே இங்கே பொருந்தாது. அது அரபு வழி வந்தது என்பதற்காக நான் தள்ளவில்லை. அசல், நகல், வசூல், ஜப்தி என்று நவாப் காலத்துக் கச்சேரிச் சொற்களை இன்றும் பத்திர அலுவலகத்தில் பேசிக்கொண்டிருக்கும் வட ஆற்காட்டுக்காரனுக்கு அந்த உரிமை ஏது? நகல் என்றால் அதற்கு முன்பே ஓர் அசல் இருந்தாக வேண்டும். இந்தக் கோப்புகளில் அசலும் இல்லை, நகலும் இல்லை.

வேலூர் நேதாஜி மார்க்கெட் பக்கம் ஒரு வெல்ல மண்டியில் என் பெரியப்பா கணக்கு எழுதினார். ரசீதுப் புத்தகத்தில் வெள்ளை, ரோஸ், மஞ்சள் என மூன்று தாள்கள், நடுவில் இரண்டு கார்பன். பால்பாயின்ட் பேனாவை மேசை அதிர அழுத்துவார். ஒரே அழுத்தலில் மூன்று தாளிலும் கணக்கு விழும். அவசரத்தில் கார்பனைத் தலைகீழாக வைத்துவிட்டால், எழுத்து வெள்ளைத் தாளின் முதுகிலேயே திரும்பிப் பதிந்திருக்கும். ரோஸ் தாள் வெறுமையாக இருக்கும். ஒருமுறை 15 மூட்டை என்பதை 51 என்று எழுதிவிட்டார். மூன்று தாளிலும் 51. நிர்வாகி தவறுதலாக ஓர் அட்டவணையை நீக்கினாலும் இதேதான்: மீள்செயல் பதிவேட்டின் எல்லா உறுப்புகளும் (அதுவும் இப்படிப் பல கோப்புகளில் சேர்ந்து எழுதப்படுவதுதான்) அந்த நீக்கத்தை ஒழுங்காக எழுதிவைக்கும். அங்கே கைகொடுப்பது முன்பே எடுத்துவைத்த காப்புப்படிதான் (backup). காப்புப்படிக்கும் இதற்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் ஏமாந்துபோவார்.

ஆகவே என் முன்மொழிவு: கோப்புக்கு ‘உடன்படி’, செயலுக்கு ‘உடனெழுதல்’. உடன் என்பதில் ‘சேர்ந்து’ என்ற பொருளும் உண்டு, ‘அப்போதே’ என்ற பொருளும் உண்டு. நமக்கு இரண்டும் வேண்டும். முதலில் ‘இணையெழுத்து’ என்றுதான் நினைத்தேன். இணையத்தில் எழுதுவது என்று வீட்டிலேயே தப்பாகப் புரிந்துகொண்டார்கள்; கைவிட்டேன்.

‘உடன்படிக்கை போலக் கேட்கிறதே’ என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கட்டும். கட்டுப்பாட்டுக் கோப்புகள் ஒன்றுக்கொன்று பதிப்பில் மாறுபட்டால் ஆரக்கிள் 00214 என்ற பிழையைக் காட்டி நின்றுவிடும். உடன்படாத உடன்படி அதற்கு ஆகாது.

ஒரு வேறுபாட்டைக் கையேட்டில் விட்டுவிடக் கூடாது. மீள்செயல் பதிவேட்டுக் குழுவில் ஓர் உறுப்பு கெட்டாலும், மீதமுள்ள உறுப்பில் எழுதிக்கொண்டு தரவுதளம் ஓடும். எச்சரிக்கைப் பதிவில் மட்டும் ஒரு வரி விழும். கட்டுப்பாட்டுக் கோப்பில் அந்தச் சலுகை கிடையாது. ஓர் உடன்படி கைக்கு எட்டாமல் போனாலும் ஓட்டம் நின்றுவிடும். பிறகு நல்லதை அதன் இடத்தில் படியெடுத்து வைத்தோ, தரவுதளத்தின் தொடக்க அமைப்பிலிருந்து (parameter) கெட்டதன் பெயரை நீக்கியோதான் மறுபடி தொடங்க வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் இரண்டு உடன்படிகள் இருந்தன, ஒரே வட்டின் இரண்டு அடைவுகளில். ஒரு மே மாதத்து இரவில் அந்த வட்டு போனது. கோட்டை உண்டு ராஜா இல்லை, ஆறு உண்டு தண்ணீர் இல்லை என்று எங்கள் வேலூரைக் கேலி செய்வார்கள். (கோயில் உண்டு சாமி இல்லை என்ற அடி, 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குத் திரும்பியதோடு செல்லாமல் போயிற்று.) அன்று படி இரண்டு உண்டு, மீட்க ஒன்றும் இல்லை. வேறு வட்டில் தப்பியிருந்த தரவுக் கோப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, கட்டுப்பாட்டுக் கோப்பைப் புதிதாக உருவாக்கி முடித்தபோது விடிந்துவிட்டது.

கையேட்டின் வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘கட்டுப்பாட்டுக் கோப்புக்குக் குறைந்தது இரண்டு உடன்படிகள் இருக்க வேண்டும், அவை ஒரே வட்டில் இருக்கக் கூடாது.’ வாய்விட்டுப் படித்தால் தடுக்கவில்லை. ‘உடனெழுதல்’ மட்டும் இன்னும் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. குடியாத்தம் ஐயா, அதைவிட இளக்கமான வினை ஒன்று உங்களிடம் இருந்தால் கொடுங்கள்.