மெல்லிய மரக் கலைப்பொருட்களில் சுவர்க் கொக்கி பொருத்த வழி கூறுங்கள்

அனைவருக்கும் வணக்கம். தேக்குப் பலகையில் இலை, பறவை வடிவங்களை அறுத்துச் செதுக்கிச் சுவரில் மாட்டும் கலைப்பொருட்களைக் கையாலேயே செய்து வருகிறேன். அவற்றின் தடிமன் 5 மி.மீ. மட்டுமே என்பதால், பின்புறம் கொக்கி பொருத்தும்போதுதான் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன்.

ரம்பப்பல் போன்ற விளிம்புள்ள உலோகக் கொக்கியை அதனுடன் வரும் சிறு ஆணிகளால் அடித்தபோது, ஒரு பறவையின் இறகில் ஆணிமுனை முன்பக்கம் துருத்திக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு வார உழைப்பு என்பதால் அதைத் தூக்கி எறிய இன்னும் மனம் வரவில்லை. அடுத்ததில் எபாக்சி பசையால் (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் வலுவான பசை) மட்டும் ஒட்டினேன். சில மாதங்களில் கொக்கி கழன்றுவிட்டது. ஒட்டும் இடத்தில் ஏற்கெனவே பூசியிருந்த மெழுகைச் சுரண்டி நீக்காததும், உலோகத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்காததும் என் தவறுகள்.

இப்போது, 10 மி.மீ. தடிமனுள்ள சிறு மரக்கட்டையைப் பின்னால் ஒட்டி, அதில் கொக்கியைத் திருகாணியால் முடுக்கலாம் என்று எண்ணுகிறேன். ஈரப்பதத்துக்கேற்ப மரம் ரேகைக்கு (நார் ஓடும் திசைக்கு) குறுக்காகவே அதிகம் விரிந்து சுருங்கும் என்பதால், கட்டையின் ரேகையைப் பலகையின் ரேகைத் திசையிலேயே வைப்பேன். ஆனால் தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன்னர் அசிட்டோனால் துடைத்தால் சாதாரண மரப்பசையே போதுமா, அல்லது எபாக்சிதான் நீடித்து நிற்குமா? கட்டையால் மேற்பகுதி சுவரிலிருந்து விலகிச் சாய்வதைத் தடுக்க, கீழேயும் அதே உயரத்தில் ஒரு துண்டு வைப்பது சரியா? மெல்லிய மரத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.