ஈஸ்ட் பாட்டிலில் பலூன் உப்பவே இல்லை, அவசர உதவி

மலர்விழி: எல்லாருக்கும் வணக்கம். நாளைக்கு வகுப்புல செல் சுவாசம் செஞ்சு காட்டணும். பாட்டில்ல ஈஸ்ட் போட்டு வாயில பலூன் மாட்டி வச்சேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு, பலூன் அப்படியே தொங்குது. ஈஸ்ட் செத்துப்போச்சா? சீக்கிரம் சொல்லுங்க.

கரைசல்: எவ்வளவு சூட்டுல கரைச்சீங்க? 55 டிகிரியைத் தாண்டினா ஈஸ்ட் சாக ஆரம்பிச்சிடும். 35 டிகிரி பக்கம், கைக்கு வெதுவெதுன்னு இருந்தா போதும். எனக்குத் தெரிஞ்சு முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறது இங்கதான்.

ரப்பர்வளையம்: சூடு இல்லைங்க, கசிவு. பலூன் கழுத்துல சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க, குமிழி வந்தா டேப் சுத்துங்க. வேற எதையும் மாத்தறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

அணுக்கரு: முதலில் கேள்வி கேட்கப் பழகுங்கள். எத்தனை கிராம் ஈஸ்ட், என்ன சர்க்கரை, எத்தனை டிகிரி, ஒன்றுமே இல்லை. இதை எத்தனை முறை சொல்வது? போகட்டும். சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். நீங்கள் பாட்டிலை அடைத்துவிட்டீர்கள். பிறகு கார்பன் டை ஆக்சைடு எங்கிருந்து வரும்? அடிப்படைப் பாடத்தை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

இலைநரம்பு: ஐயா, அது சரியில்லை. ஆக்சிஜனோடு ஒரு குளுக்கோஸ் முழுதாக எரிந்தால் 6 ஆக்சிஜன் மூலக்கூறு உள்ளே போகும், 6 கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். போனதும் வந்ததும் சமம், பலூன் எப்படி உப்பும்? உப்ப வைப்பது நொதித்தல்தான். அதில் ஒரு குளுக்கோஸ் 2 எத்தனாலாகவும் 2 கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது, காற்றிலிருந்து எதையும் எடுப்பதில்லை. பாட்டிலை அடைத்தது தப்பே இல்லை.

அணுக்கரு: ஆக்சிஜன் இருக்கும்வரை நொதித்தல் நடக்காது என்று விஞ்ஞானி லூயி பாஸ்டர் 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார்.

இலைநரம்பு: குறையும் என்றுதான் காட்டினார். சர்க்கரை தாராளமாகக் கிடைத்தால் ரொட்டி ஈஸ்ட் காற்று இருக்கும்போதே நொதிக்கும். கிராப்ட்ரீ விளைவு என்று அதற்குப் பெயரே உண்டு.

முதலாண்டு: நடுவுல ஒரு சந்தேகம். நொதித்தல்ல ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபிதான் (செல் செலவழிக்கிற ஆற்றல் மூலக்கூறு), முழுச் சுவாசத்துல 38னு என் புத்தகத்துல இருக்கு. அப்போ ஈஸ்ட் ஏன் நஷ்டத்துக்கு வேலை செய்யுது?

இலைநரம்பு: தம்பி, 38 பழைய கணக்கு. மைட்டோகாண்ட்ரியா சவ்வில் புரோட்டான் கசிவது, ஏடிபியை வெளியே கடத்தும் செலவு எல்லாம் கழித்தால் நம் செல்களில் 30 முதல் 32 வரை. ரொட்டி ஈஸ்டுக்கு, ஏடிபி தயாரிக்க உதவும் எலக்ட்ரான் கடத்து சங்கிலியின் முதல் புரோட்டான் பம்பே கிடையாது, அதனால் இன்னும் குறைவு. நொதித்தலில் ஒரு குளுக்கோஸுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான், ஆனால் சர்க்கரையை மளமளவென்று தீர்த்துவிடும். கூடவே வரும் எத்தனால் போட்டிக்கு நிற்கும் மற்ற நுண்ணுயிர்களையும் விரட்டும்.

கரைசல்: பேச்சு எங்கேயோ போகுது. மலர்விழி, சூடு எவ்வளவுன்னு இன்னும் சொல்லலையே?

மலர்விழி: மன்னிக்கணும், இப்பதான் பாத்தேன். வெப்பமானி வச்சுப் பாத்தேன், 37 டிகிரி. டேப்பும் சுத்தியாச்சு. ஈஸ்ட் புது பாக்கெட்தான். சர்க்கரை தனியா போடல, பால்லதான் கரைச்சேன். பால்லயே சர்க்கரை இருக்கே?

நீர்ப்பூ: இங்கதான் மாட்டிக்கிட்டீங்க! பால்ல இருக்கிறது லாக்டோஸ். அதை உள்ளே இழுக்கிற புரதமும் ரொட்டி ஈஸ்ட் கிட்ட இல்லை, உடைக்கிற லாக்டேஸ் நொதியும் இல்லை. உங்க ஈஸ்ட் சாகல, சாப்பாட்டுக்கு நடுவுல பட்டினி கிடக்குது. வீட்டுச் சர்க்கரை சுக்ரோஸ். அதை ஈஸ்டோட இன்வர்டேஸ் நொதி செல்லுக்கு வெளியிலேயே குளுக்கோஸாவும் ஃபிரக்டோஸாவும் பிளந்துடும், அப்புறம் ரெண்டும் சுலபமா உள்ளே போயிடும். அதே பாட்டில்ல 5 கிராம் சர்க்கரை போட்டுக் கலக்குங்க. அத்தனையும் நொதிச்சா 1 லிட்டருக்கு மேல வாயு வரும், கொஞ்சம் தண்ணியில கரைஞ்சாலும் பலூனுக்குத் தாராளம். ஒரு வேண்டுகோள்: வெறும் பால் பாட்டிலைத் தூக்கிப் போடாதீங்க. வெறும் பால், சர்க்கரை போட்ட பால், லாக்டேஸ் சேர்த்த பால்னு மூணையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. லாக்டேஸ் போட்டதும் அதே பால் ஈஸ்டுக்கு உணவாகிறதைப் பசங்க கண்ணால பாக்கணும்.

அணுக்கரு: பால் என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் இத்தனை நேரம் வீணாகியிருக்காது.

ரப்பர்வளையம்: இருந்தாலும் சோப்புத் தண்ணி ஒரு தடவை தடவிப் பாருங்க.

முதலாண்டு: அப்போ தேர்வுல 38 எழுதவா, 32 எழுதவா?

மலர்விழி: சர்க்கரை போட்டு 40 நிமிஷம் ஆச்சு, பலூன் நிமிர்ந்து நிக்குது! எல்லாருக்கும் நன்றி. லாக்டேஸ் தேடிக் கிளம்புறேன்.