பெகுவிலிருந்து ஆன்லைனில் ஐடி டிகிரி: நம் வேகத்தில் படித்து முடிக்க முடியுமா?

பெகு தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். மியான்மரில் பெகுவில் இருக்கிறேன், வயது 26. மெட்ரிக் முடித்துத் தொலைதூரக் கல்வியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். 2020ல் கொரோனா வந்து எல்லாம் மூடினார்கள். அதோடு நானும் விட்டுவிட்டேன். இப்போது பெரியப்பாவின் இரும்புக் கடையில் கணக்கும் சரக்கும் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் ஃபோர்ட் வேயினில் இருக்கும் அத்தை மகன், கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யூனிவர்சிட்டியில் ஐடி பட்டத்தை 14 மாதத்தில் முடித்துவிட்டான். பாடம் தெரிந்தால் உடனே பரீட்சை எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகலாம், வாத்தியாருக்காகவோ வகுப்புக்காகவோ காத்திருக்க வேண்டாம் என்கிறான். கேட்டதிலிருந்து எனக்கும் அந்த ஆசை. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் படிக்கலாம், யாரும் கெடு வைக்க மாட்டார்கள்.

இங்கிருந்து அதில் சேர முடியுமா? முடியாது என்றால் அதே மாதிரி வேறு எது? எங்கள் தெருவில் கரண்ட் நாலு மணி நேரம் வந்தால் நாலு மணி நேரம் போகிறது. இங்கிலீஷ் படித்தால் புரியும், எழுதத் தடுமாறுவேன். கையில் பெரிய காசு கிடையாது. இங்கிருந்தே படித்து முடித்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

தாம்வே அக்கா:

தம்பி, நான் முடித்தவள். ரங்கூனில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன், வயது 38, பள்ளிக்கூடம் போகும் மகள் இருக்கிறாள். 2019 கடைசியில் சேர்ந்து 2025 தொடக்கத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கினேன். அத்தை மகனின் 14 மாதத்துக்குப் பக்கத்தில் இதை வைக்காதே, மனசு உடையும்.

முதலில் அவன் படித்த இடம். 1997ல் அமெரிக்காவின் 19 மாநில ஆளுநர்கள் சேர்ந்து தொடங்கியது அது. பாடத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்காமல் ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம் வாங்குகிறார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் நாலு பாடம் முடித்தாலும் பதினைந்து முடித்தாலும் அதே தொகைதான். வேகமாக ஓடுபவனுக்குப் பட்டம் மலிவாக முடியும். ஆனால் அது அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கானது. அத்தை மகன் முகவரியைப் போட்டு, விபிஎன் வைத்து நுழையலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. அடையாள அட்டையைக் காட்டிக் கேமரா முன்னால் பரீட்சை எழுதும் நாளில் குட்டு உடையும்.

நான் படித்தது யூனிவர்சிட்டி ஆஃப் தி பீப்பிள். 2009ல் ஷாய் ரெஷெஃப் என்பவர் தொடங்கியது, முழுக்க ஆன்லைன். படிப்புக் கட்டணம் இல்லை என்பார்கள், ஆனால் சும்மா இல்லை. விண்ணப்பத்துக்கு ஒரு தொகை, அப்புறம் ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பீட்டுக் கட்டணம். அது நான் படித்த காலத்திலேயே ஏறிக்கொண்டுதான் வந்தது. இப்போது ஒரு பாடத்துக்கு நூறு டாலருக்கு மேல் என்று வைத்துக்கொள். பட்டத்துக்கு 120 கிரெடிட், ஒரு பாடம் 3 கிரெடிட். கணக்கு நீயே போடு, கடையில் அதைத்தானே செய்கிறாய். கட்ட முடியாதவர்களுக்கு உதவித்தொகை உண்டு. வெட்கப்படாமல் கேள்.

ஆனால் நீ கேட்ட விஷயம் அங்கே இல்லை. நம் வேகத்தில் படிக்க முடியாது. ஒரு பருவம் ஒன்பது வாரம். ஒவ்வொரு வாரமும் படிக்க வேண்டியதைப் படித்து, விவாதத்தில் ஒரு பதிவு எழுதி, மற்ற மாணவர்களுக்குப் பதில் எழுதி, ஒரு அசைன்மென்ட் கொடுத்து, போன வாரம் வேறு மூன்று பேர் எழுதியதைத் திருத்தி மதிப்பெண் போட வேண்டும். வாரம் முடிவது அவர்கள் நேரப்படி புதன் இரவு 11.55. நம் நேரம் அதைவிடப் பதினொன்றரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், இங்கே அது வியாழன் காலை 11.25. கடையில் கூட்டம் மொய்க்கும் நேரம்! முதல் பருவத்தில் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இரவு 11.55 என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். ஒரு வார மதிப்பெண் முழுதும் போயிற்று. அதற்கப்புறம் செவ்வாய் இரவுதான் என் கெடு. புதன்கிழமை கரண்டை நம்பக் கூடாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கெடு இல்லாத படிப்புத்தான் வேண்டும் என்கிறாய். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பட்டத்தில் சேருவதற்கு முன்னால் ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கம்ப்யூட்டர் அறிமுகப் பாடத்தை எடுத்தேன். இலவசம், நம் வேகத்தில் படிக்கலாம், டேவிட் மாலன் நடத்தும் அழகுக்கே பார்க்கலாம். மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் நினைவகம் பற்றி வரும் நாலாவது வாரத்தில், பாயின்டர் என்ற இடத்தில் நின்றேன். கஷ்டம் என்பது உண்மைதான், ஆனால் நின்றதற்குக் காரணம் அது மட்டும் இல்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது. மகளுக்குக் காய்ச்சல், கடையில் ஸ்டாக் எடுப்பு, கோயிலில் தேர். எதுவும் பொய் இல்லை.

பட்டத்தில் சேர்ந்த பிறகு அதே காரணங்கள் அப்படியே இருந்தன, ஆனால் வியாழன் 11.25ம் இருந்தது. அதனால்தான் முடித்தேன்.

நம் வேகத்தில் படித்து நான் ஜெயித்தது ஒரே ஒரு தடவை. சோஃபியா என்று ஒரு தளம் இருக்கிறது. பொதுப் பாடங்களை அங்கே முடித்து அந்தக் கிரெடிட்டைப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் எடுத்தபோது மாதம் 99 டாலர். அது டாக்சி மீட்டர் மாதிரி, உட்கார்ந்திருந்தாலும் ஓடும். திஞ்ஞானுக்கு, அதாவது பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு, கடை பத்து நாள் மூடுவார்கள். அதற்கு முதல் நாள் சந்தா கட்டினேன். தெருவில் எல்லோரும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், நான் சமூகவியல் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்தில் ஒன்பது பாடம். மீதியைத்தான் பல்கலைக்கழகத்தில் படித்தேன். நீ அப்படிச் செய்வதாக இருந்தால், எந்தெந்தப் பாடத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்று பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கேட்ட பிறகு காசைக் கட்டு. பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும்.

கரண்டுக்கு என் வழி இது. வரும் நேரத்தில் அந்த வாரத்துப் பாடம் முழுவதையும் இறக்கி வைத்துவிடுவேன். பாடப் புத்தகங்கள் இலவசம், பெரும்பாலும் பிடிஎஃப். விவாதப் பதிவை போனில் குறிப்பாக எழுதி வைப்பேன். பைத்தானும் ஜாவாவும் நெட் இல்லாமல் லேப்டாப்பில் ஓடும். என்னுடையது பழைய திங்க்பேட், பேட்டரியை மட்டும் புதிதாக மாற்றினேன். தெருப் பிள்ளைகள் "மீ லா ப்யீ" (கரண்ட் வந்துவிட்டது) என்று கத்தினால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன், இப்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை. சில பாடங்களின் கடைசிப் பரீட்சையைக் கண்காணிப்பில் எழுத வேண்டும், கேமராவும் நெட்டும் அறுபடக் கூடாது. அதற்கு மட்டும் ஜெனரேட்டர் இருக்கும் மாமா ஆபீஸில் போய் உட்கார்ந்தேன். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நெட் போய்ப் போய் வந்த மாதங்களில் விடுப்புக் கேட்டு வாங்கினேன். சொல்லாமல் காணாமல் போகாதே, கேட்டால் கொடுப்பார்கள்.

டாலர் கட்ட நம்மிடம் கார்டு எங்கே இருக்கிறது? சிங்கப்பூரில் இருக்கும் சின்னம்மா மகன் கட்டினான். நான் இங்கே சின்னம்மா கையில் நம் ஊர்ப் பணம் கியாட்டாகக் கொடுத்தேன். அன்றன்றைய விலைக்கு. சொந்தம் என்றாலும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்.

இங்கிலீஷைப் பற்றிப் பயப்படாதே. ஆரம்பப் பாடங்களில் தேறிய பிறகுதான் பட்ட மாணவராக எடுத்துக்கொள்வார்கள், அதற்குள் கை பழகிவிடும். வாரத்துக்கு நாலு பதிவு எழுதினால் யாருக்குத்தான் வராது? வேறு யாரையாவது எழுதச் சொல்லி, அல்லது ஏஐயிடம் வாங்கி ஒட்டாதே. பிடிபட்டால் போட்ட காசும் வருஷமும் போகும்.

மொலமேன் அண்ணன்:

தங்கச்சி எழுதியது எல்லாம் சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. தம்பி எதற்காகப் படிக்கிறார்? நான் 11 வருஷமாக நெட்வொர்க் இழுத்து, சிசிடிவி மாட்டிப் பிழைக்கிறேன். டிகிரி எங்கே என்று ஒரு ஆளும் கேட்டதில்லை. ஏணியைத்தான் கேட்பார்கள்.

சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. முதலில் அதில் ஒன்றைப் பிடித்து முடிக்கட்டும். அப்புறம் பெரியப்பா கடையின் சரக்குப் பட்டியலை நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றட்டும். எத்தனை அளவு போல்ட், எந்த அலமாரி, வாங்கின விலை, விற்ற விலை. இரும்புக் கடையில் ஆயிரம் அயிட்டம் இருக்கும். ஒரே சாமானுக்குப் பர்மியப் பெயர் ஒன்று, தமிழ்ப் பெயர் ஒன்று, பெரியப்பா வைத்த பெயர் ஒன்று. இதை ஒரு டேட்டாபேஸில் குழப்பம் இல்லாமல் வைத்துவிட்டால் தம்பிக்கு ஐடி பிடிக்கிறதா இல்லையா என்று மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். காசும் செலவாகாது.

உட்லண்ட்ஸ்வாசி:

அண்ணன் சொல்வது ஊரில் இருந்தே பிழைப்பவர்களுக்குப் பொருந்தும். வெளியே வர நினைத்தால் காகிதம் வேண்டும். நான் சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் சப்போர்ட் வேலையில் இருக்கிறேன், தட்டோன்காரன். 2023 செப்டம்பரிலிருந்து இங்கே எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியைப் புதிதாகக் கேட்பவர்களுக்கு காம்பஸ் என்ற புள்ளி முறை வந்துவிட்டது. 40 புள்ளி வேண்டும். சம்பளத்துக்கு, படிப்புக்கு என்று தனித்தனியாகப் புள்ளி. படிப்புக்குப் புள்ளி கேட்டால் பட்டம் உண்மையானதா என்று சரிபார்த்த சான்று காட்ட வேண்டும்.

அதனால் எங்கே சேர்ந்தாலும் அங்கீகாரத்தைப் பாருங்கள். அக்கா படித்த பல்கலைக்கழகத்துக்கு 2014ல் டிஇஏசி என்ற தொலைதூரக் கல்வி அமைப்பின் அங்கீகாரம் கிடைத்தது. அது அமெரிக்காவிலேயே எல்லா இடத்திலும் எடுபடவில்லை. 2025ல் டபிள்யூஎஸ்சியூசி அங்கீகாரமும் கிடைத்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டுக்கும் பெர்க்லிக்கும் அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு அது. இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

நான் வந்த வழி வேறு. ரங்கூனில் என்சிசி எஜுகேஷன் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் லெவல் 4, லெவல் 5 டிப்ளமா முடித்து, பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றில் கடைசி வருஷத்தை மட்டும் சேர்த்துப் பட்டமாக்கினேன். காசு கூட ஆனது. சென்னை ஐஐடியின் ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸையும் பார்த்தேன். பாடம் நல்ல பாடம். ஆனால் பரீட்சைக்கு மையத்துக்கு நேரில் போக வேண்டும். ஒவ்வொரு பருவத்துக்கும் மூன்று தடவை மையம் தேடி அலைய என்னால் ஆகாது என்று விட்டுவிட்டேன்.

தாம்வே அக்கா:

மொலமேன் அண்ணே, கோபம் ஒன்றும் இல்லை. சரக்குப் பட்டியல் யோசனை எனக்கே பிடித்திருக்கிறது. டேட்டாபேஸ் பாடத்தில் ஒரே பொருளுக்கு மூன்று பெயர் வந்தால் என்ன செய்வது என்று எனக்கு ஒரு வாரம் மண்டை உடைந்தது. தம்பிக்கு அது கடையிலேயே கிடைக்கும். ஆனால் எனக்கு டிகிரி எதற்கு என்றால், கணக்கு எழுதுகிறவளுக்கும் கணக்கு சாப்ட்வேரைப் பார்த்துக்கொள்கிறவளுக்கும் சம்பளம் ஒன்று இல்லை. முதலாளி என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது சான்றிதழைக் காட்டிய பிறகுதான். அதே வேலையை அதற்கு முன்னாடியும் நான்தான் செய்துகொண்டிருந்தேன்.

பெகு தம்பி:

அக்கா, அண்ணன்மார்களே, ரொம்ப நன்றி. அத்தை மகனிடம் கேட்டேன். அவனும் ஒத்துக்கொண்டான், ஆறு மாதம் முடிவதற்குள் அடுத்த நாலாயிரம் டாலர் கட்ட வேண்டிவருமே என்ற பயத்தில்தான் ராத்திரி ராத்திரியாக முழித்துப் படித்தானாம். முதலில் சொல்லவே இல்லை!

நேற்று போல்ட் அலமாரியிலிருந்து பட்டியலை ஆரம்பித்தேன். 63 அயிட்டம் ஏற்றினேன், அதற்குள் கரண்ட் போய்விட்டது. இந்தத் திஞ்ஞான் வரைக்கும் எனக்கு நானே கெடு வைத்திருக்கிறேன். முழுக் கடையையும் ஏற்றிவிட்டால் அப்புறம் விண்ணப்பம்.

விண்ணப்பத்தைச் சும்மா திறந்து பார்த்தேன். முதல் கட்டத்திலேயே மாட்டிக்கொண்டேன். பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். எனக்கு வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், பதிவு அட்டையில் மூன்று சொல்லில் பர்மியப் பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. நீங்கள் என்ன போட்டீர்கள்?

தாம்வே அக்கா:

அட்டையில் இருப்பதை எழுத்து மாறாமல் அப்படியே போடு. மெட்ரிக் சான்றிதழை இங்கிலீஷில் மொழிபெயர்த்து நோட்டரி வாங்கும்போதும் அதே எழுத்து வர வேண்டும். முதல் இரண்டு சொல் பெயர், கடைசிச் சொல் குடும்பப் பெயர். நான் அப்படித்தான் பிரித்தேன். அதனால் ஐந்து வருஷமும் வாத்தியார்கள் என்னைக் கடைசிச் சொல்லால் கூப்பிட்டார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, இது யார் பெயர் என்று கேட்டார்.