சோம்பேறி என்று நான் திட்டிய பையன்: உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்

சாக்பீஸ்தூசி:
இருபது வருடம் தொடக்கப் பள்ளியில் பாடம் எடுத்தவள் நான். நான்காம் வகுப்பில் ஒரு பையன், இரண்டாவது பீரியடிலேயே தலையைக் கவிழ்த்துத் தூங்கிவிடுவான். எழுப்பினால் எழுந்து நிற்பான், கேட்டதற்குப் பதில் வராது. "சோம்பேறி, இவனுக்கெல்லாம் படிப்பு ஏறாது" என்று மற்றப் பிள்ளைகள் முன்னால் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை இல்லை. அந்த வருடம் பள்ளியில் ரத்தப் பரிசோதனை நடந்தபோது அவனுக்கு ஹீமோகுளோபின் 7.6 என்று வந்தது. அவன் வயதுக்கு 11.5-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. குடற்புழு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, அவ்வளவுதான் வைத்தியம். நாலைந்து மாதத்தில் அதே பையன் கேள்வி கேட்டே என்னை ஒருவழி ஆக்கினான்.

ரத்தம் இல்லாததால் தூங்கினான், தூங்கியதால் படிப்பு வரவில்லை. அப்படியே விட்டிருந்தால் படிப்பு இல்லாததால் கூலி வேலை, கூலி போதாததால் நாளைக்கு அவன் பிள்ளைக்கும் ரத்தம் இருந்திருக்காது. இதில் எது காரணம், எது விளைவு? ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 2022-ல் உலகம் முழுக்கச் சுமார் 14.8 கோடி பேர், ஐந்தில் ஒன்றுக்கும் மேல். பாதிப்பு உயரத்தோடு நின்றுவிடுவதில்லை, கருவில் தொடங்கி முதல் 1,000 நாட்களில் மூளைக்குக் கிடைக்காமல் போனதைப் பிற்பாடு முழுதாக ஈடுகட்டுவது கஷ்டம் என்கிறார்கள். நான் அந்தப் பிள்ளைகளைத்தான் வரிசையாக நிற்கவைத்து ரேங்க் போட்டிருக்கிறேன்.

யாரையாவது இப்படித் தப்பாக எடைபோட்டிருக்கிறீர்களா?

வசூல்காரன்:
டீச்சர், எனக்கு அதற்குத்தான் சம்பளமே கொடுத்தார்கள். கடன் வசூலில் ஏழு வருடம். ஒரு கடனை அடைக்க அதைவிட அதிக வட்டிக்கு இன்னொரு கடன் வாங்குவார்கள், கேட்டால் தவணைத் தேதியே மறந்துபோச்சு என்பார்கள், நாங்கள் ஆபீசில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சிரிப்போம்.

அப்புறம் எனக்கே வேலை போனது. ஐந்து மாதம். எந்தக் கட்டணத்தை எத்தனை நாள் தள்ளிப்போடலாம் என்பதைத் தவிர மண்டையில் எதுவும் நிற்கவில்லை. ஒரு நல்ல வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதியைத் தவறவிட்டேன், மகள் ஒரு விஷயத்தை மூன்று தடவை சொல்லிவிட்டு அழுதே விட்டாள், கடைசியில் கைமாற்றை அடைக்க இன்னொரு கைமாற்று வாங்கினேன். வட்டிக் கணக்கு போட்டே பிழைத்தவன் நான்!

2013-ல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் பிறகு படித்தேன். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேருக்கு அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரியான புதிர்களைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கையில் காசில்லாத நாட்களில் திணறியவர்களே கரும்பு வெட்டிப் பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள். படித்ததும் என் பழைய வசூல் பட்டியலில் இருந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன, அன்றைக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

நேர்ப்பேச்சு:
மன்னிக்கவும், எல்லாவற்றுக்கும் சூழ்நிலைதான் காரணம் என்றால் மனிதனுக்கு என்ன பொறுப்பு? போரில் தரைமட்டமான தென் கொரியா எழுந்து நிற்கவில்லையா? உழைத்தார்கள், முன்னேறினார்கள். நானும் விடுதியில் தங்கி, பகுதி நேர வேலை பார்த்துப் படித்தவன்தான்.

ஜெனரேட்டர்சத்தம்:
நீங்கள் சொல்வதைத்தான் நானும் சொல்லிக்கொண்டு காங்கோவில் போய் இறங்கினேன். லுபும்பாஷியில் செல்போன் டவர் பராமரிப்பு வேலை. டவர்கள் டீசலில் ஓடும், ஏனென்றால் அந்த நாட்டில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான் மின்சாரம். ஆனால் உலகில் தோண்டி எடுக்கப்படும் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் அந்த மண்ணிலிருந்துதான் வருகிறது, நம் போன் பேட்டரிக்குள் இருக்கும் அதே கோபால்ட். ஜாம்பியா எல்லையில் கசும்பலேசா என்று ஓர் இடம், தாமிரமும் கோபால்ட்டும் ஏற்றிய லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கும். சுத்திகரிப்பு பெரும்பாலும் சீனாவில். லாபமும் வேலையும் தொழில்நுட்பமும் சேரும் கட்டம் எதுவோ அது எல்லை தாண்டித்தான் நடக்கிறது.

ஒருநாள் ஜெனரேட்டர் நின்றுபோன கடுப்பில், "உங்கள் ஆட்களுக்கு ஒரு இன்ஜினியரிங் புத்தி கிடையாதா" என்று உள்ளூர் சக ஊழியரிடம் வாய்விட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்: 1960 ஜூன் 30-ம் தேதி சுதந்திரம் கிடைத்தபோது, அத்தனை பெரிய நாட்டில் பட்டம் வாங்கிய காங்கோக்காரர்கள் 20 பேர்கூட இல்லை. தொடக்கப் பள்ளிகளை மிஷனரிகள் நடத்தினார்கள், அதற்கு மேலே படி கிட்டத்தட்ட இல்லை. முதல் பல்கலைக்கழகம் வந்ததே 1954-ல். "நீங்கள் தேடும் இன்ஜினியர் யாருக்கு மாணவனாக இருந்திருப்பான்?" என்றார். அதற்காகப் பழியை முழுக்க அதுவரை நாட்டை ஆண்ட பெல்ஜியத்தின் மேல் போட்டுவிட்டு அவர் ஓய்ந்துவிடவில்லை, 1965-லிருந்து 1997 வரை சர்வாதிகாரி மொபுட்டு அடித்த கொள்ளையைப் பற்றி என்னைவிட மோசமாகத் திட்டினார்.

கொரியா பற்றி: அவர்கள் உழைத்தார்கள், யார் இல்லை என்றது? ஆனால் 1949-ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் போட்டு, ஒரு குடும்பத்துக்குச் சுமார் 3 ஹெக்டேர்தான் என்று உச்சவரம்பு வைத்தார்கள், குத்தகைக்காரர்கள் சொந்த நிலத்தில் நின்றார்கள். கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் தொடக்கப் பள்ளிக்குப் போனார்கள். அமெரிக்க உதவி வேறு. உங்கள் விடுதியில் சாப்பாட்டுக்கு யார் பணம் கட்டினார்கள்?

நேர்ப்பேச்சு:
சாப்பாடு இலவசம்தான். சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் வாய்ப்பைக் கையில் கொடுத்தும் வீணடித்தவர்களை அதே விடுதியில் பார்த்திருக்கிறேன், அதையும் மறைக்க முடியாது.

சாக்பீஸ்தூசி:
இருக்கிறார்கள் தம்பி, எல்லாத் தரப்பிலும் இருக்கிறார்கள், வசதியுள்ள வீட்டில் அதை வேறு பெயரில் சொல்வோம். சாப்பாடு என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. குவாத்தமாலாவில் 1969-லிருந்து 1977 வரை சில கிராமங்களில் பிள்ளைகளுக்குப் புரதம் சேர்த்த கஞ்சி கொடுத்தார்கள், வேறு சில கிராமங்களில் வெறும் இனிப்புப் பானம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து குடும்பஸ்தர்கள் ஆன பிறகு தேடிப்போய்ப் பார்த்தால், பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை அந்தக் கஞ்சி குடித்த ஆண்களின் ஒரு மணி நேரக் கூலி மற்றவர்களைவிட 46% அதிகம். பெண்களின் கூலியில் அப்படி வித்தியாசம் தெரியவில்லையாம். அங்கே வேறு என்னவோ குறுக்கே நிற்கிறது.

கடைசிபெஞ்ச்:
அந்த "வேறு என்னவோ" என் வீட்டில் இருக்கிறது. அம்மாவைப் பதினான்கு வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். எது கேட்டாலும் "எனக்கென்ன குறை?" என்பாள். பாங்கில் படிவத்தை நீட்டினால் பேனாவை என் பக்கம் தள்ளிவிடுவாள், எழுதத் தெரியும், ஆனாலும் தள்ளிவிடுவாள். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று சேலைத் தலைப்பைச் சரிசெய்வாள். அது மூச்சு வாங்குவதற்கு என்று எனக்கு முப்பது வயதில்தான் புரிந்தது. இதையெல்லாம் நான் திருப்தி என்று நினைத்திருந்தேன், பெருமையாக வெளியே சொல்லியும் இருக்கிறேன்.

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் ஒரு கணக்கை எடுத்துக்காட்டுவார். வங்காளப் பஞ்சத்துக்கு அடுத்த வருடம், 1944-ல், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூரில் ஒரு கணக்கெடுப்பு. மனைவியை இழந்த ஆண்களில் 48.5% பேர் உடம்பு சரியில்லை அல்லது சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5% மட்டும். அந்தப் பெண்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யாராவது நம்புவார்களா?

போன மாதம் கட்டாயப்படுத்தி அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்தேன், ஹீமோகுளோபின் 8.1. ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்னதும் அவள் கேட்டாள், "எல்லாருக்கும் இப்படித்தானே மூச்சு வாங்கும்?"

டீச்சர், ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பையனின் அம்மாவுக்கும் யாராவது ரத்தம் பார்த்தார்களா?

சாக்பீஸ்தூசி:
இல்லைம்மா. கையெழுத்துப் போட அவளை இரண்டு தடவை பள்ளிக்கு வரச்சொன்னேன். கேட்கத் தோன்றவில்லை.