சேலம், சாலேம், சாலிம்: எதை எப்படி எழுதுவது?

ஏடுதேடி:
அமெரிக்க ஊர்களுக்குத் தமிழில் பதிவு எழுதி வருகிறேன். மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, வட கரோலினா, ஒரிகன் என்று போகிற இடமெல்லாம் ஒரு சேலம் இருக்கிறது. வேதாகமப் பெயர் என்கிறார்கள். ஆனால் நம் வேதாகமத்தில் 'சாலேம்' என்றல்லவா இருக்கிறது? தலைப்பில் எதைப் போடுவது? நம்ம ஊர் சேலத்துக்கும் இதே மூலம்தான் என்று ஒருவர் திருத்தம் செய்திருக்கிறார். அதை விடலாமா, எடுக்கலாமா?

கீழ்க்குறிப்பு:
முதலில் வேதாகமத்தைப் பார்த்துவிடுவோம். ஆதியாகமம் 14:18-இல் மெல்கிசேதேக்கு 'சாலேமின் ராஜா'. சங்கீதம் 76:2 'சாலேமில் அவருடைய கூடாரமும், சீயோனில் அவருடைய வாசஸ்தலமும்' என்று இணையடியாக, அதாவது ஒரே பொருளை இரண்டு அடிகளில், சொல்வதால் சாலேம் எருசலேம்தான் என்பது பழைய கொள்கை. எபிரெயர் 7:2 'சாலேமின் ராஜா' என்பதற்குச் 'சமாதானத்தின் ராஜா' என்று பொருள் சொல்கிறது. ஊர்ப்பெயராக இது பரவியது இந்தப் பொருளுக்காகத்தான்.

இரண்டு இடங்களில் சறுக்கும். யோவான் 3:23-இல் அயினோனுக்குப் பக்கத்தில் வருவது சாலிம், அது வேறு ஊர். ஆதியாகமம் 33:18-இல் நம் பழைய மொழிபெயர்ப்பு 'சாலேம் என்னும் சீகேமுடைய பட்டணம்' என்கிறது. அந்த எபிரேயச் சொல்லுக்கு 'சுகமாக' என்றும் பொருள் உண்டு. புதிய மொழிபெயர்ப்புகள் பல யாக்கோபு 'சுகமாக வந்து சேர்ந்தான்' என்றே எழுதுகின்றன. ஆகவே அதைச் சான்றாகக் காட்டாதீர்கள்.

எழுத்து வேறுபடுவதற்குக் காரணம்: எபிரேயத்தில் ஷாலேம். கிரேக்கத்தில் 'ஷ' இல்லை, அங்கே சாலேம் ஆனது. நாம் அதை ஒட்டி எழுதுகிறோம். ஆங்கிலம் அழுத்தத்தை முதல் அசைக்குத் தள்ளி 'சேலம்' என்று உச்சரிக்கிறது. வேதாகம இடத்துக்குச் சாலேம், அமெரிக்க ஊருக்குச் சேலம். தலைப்பில் அடைப்புக்குறிக்குள் மாநிலம் கட்டாயம்: சேலம் (ஒரிகன்).

துறைமுகத்தான்:
எல்லாச் சேலத்துக்கும் ஒரே பத்தியை ஒட்டிவிடாதீர்கள். பெயர் வைத்தவர்கள் வேறு வேறு கிறிஸ்தவ சபையார்.

மாசசூசெட்ஸில் 1626-இல் குடியேற்றம் தொடங்கியபோது ஊர்ப்பெயர் நௌம்கீக். 1629-இல்தான் சேலம் என்று மாற்றினார்கள், பியூரிட்டன்கள். நியூ ஜெர்சிச் சேலம் 1675-இல் குவேக்கரான ஜான் ஃபென்விக் அமைத்தது. வட கரோலினாவில் மொரேவியர்கள் 1766-இல் கட்டத் தொடங்கினார்கள். பென்சில்வேனியாவில் பெத்லகேம், நாசரேத் இரண்டும் இதே மொரேவியர்களின் கைவேலை. அந்தச் சேலம் 1913-இல் பக்கத்து வின்ஸ்டனுடன் இணைந்து வின்ஸ்டன்-சேலம் ஆனது. (சேலம் என்றொரு சிகரெட் உண்டு, பெயர் இந்த ஊரிலிருந்து போனது. சமாதானத்துக்கு வந்த கதி!) ஒரிகன் தலைநகரம் மெதடிஸ்ட் மிஷன் வழி வந்தது, அதற்கு முன் அந்த இடம் செமெகெட்டா.

மாசசூசெட்ஸ் சேலத்தின் 1692 சூனிய வழக்குகளை எழுதும்போது கவனம். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஜைல்ஸ் கோரி என்பவரைக் கல்லேற்றி நசுக்கினார்கள். ஆனால் குற்றச்சாட்டு கிளம்பியது சேலம் கிராமத்தில். அது இன்றைய டான்வர்ஸ். விசாரணை நடந்தது சேலம் நகரத்தில்.

இன்னொரு குழப்பம் நமக்கே உரியது. 1800-ஐ ஒட்டிய கப்பல் கணக்குகளில் சேலமும் மெட்ராஸும் சேர்ந்து வந்தால், சேலத்து நெசவுத் துணி என்று எழுதிவிடுகிறார்கள். மாசசூசெட்ஸ் சேலம் அப்போது கிழக்கிந்திய வணிகத்தின் பெரிய துறைமுகம். சுமத்ரா மிளகு ஏற்றிவந்த ஊர், நகர முத்திரையிலேயே சுமத்ராவின் ஆச்சே நாட்டு ஆள் ஒருவரின் உருவம் நின்றது. கப்பல் பெயரோ மாலுமி பெயரோ கூட வந்தால் அந்தச் சேலம்தான். நம் சேலத்துக்குக் கடல் ஏது?

கஞ்சமலை:
நம் சேலத்தைப் பற்றிய அந்தத் திருத்தத்தை எடுத்துவிடுங்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து கும்பெனி கைக்கு வரும் முன்பே அது சேலம்தான், மிஷன் உண்டாக்கிய ஊரில்லை. மலை என்னும் 'சைலம்' ஒரு விளக்கம், சேரர் பெயரோடு இணைப்பது இன்னொன்று. இரண்டையும் 'என்பர்' போட்டே எழுதுங்கள். ஆங்கில எழுத்து ஒன்றாக இருப்பது மட்டும் சான்றாகாது. தமிழ்நாட்டில் வேதாகமப் பெயருள்ள ஊருக்கு உதாரணம் வேண்டுமென்றால் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் இருக்கிறது.

ஏடுதேடி:
திருத்தத்தை எடுத்துவிட்டேன். வின்ஸ்டன்-சேலத்தில் இடைக்கோடு வேண்டுமா?

கீழ்க்குறிப்பு:
வேண்டும். 1913-க்கு முந்தைய செய்தியானால் சேலம் என்று மட்டும் எழுதுங்கள்.