திருநெல்வேலிக்குக் குடிவருகிறோம்: டவுணா, பாளையங்கோட்டையா?

கேள்வி
வணக்கம். பணிமாறுதல் காரணமாக வரும் ஜூனில் கோயம்புத்தூரிலிருந்து திருநெல்வேலிக்கு வருகிறோம். எனக்கு அலுவலகம் வண்ணார்பேட்டையில். மகள் ஆறாம் வகுப்பில் சேர வேண்டும். அம்மாவுக்கோ கோயிலும் ஆறும் பக்கத்தில் இருந்தால் போதும். தாமிரபரணியில் தினமும் குளிக்கலாம் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அது நடக்கிற காரியமா? எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது நல்லது? விடுமுறை நாட்களில் போய்வரத்தக்க இடங்களையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1
வண்ணார்பேட்டை, ஆற்றுக்குப் பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கிறது. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள டவுணில் குடியிருந்தால் தினமும் ஜங்ஷன் வழியாகப் பாலத்தைத் தாண்டி வர வேண்டும். பக்கத்திலேயே புதிய பாலம் கட்டிய பிறகும் காலை நெரிசல் முற்றாகத் தீர்ந்தபாடில்லை. (அந்தப் பழைய பாலம், ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தார் என்னும் தலைமை எழுத்தராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டி 1843-இல் திறக்கப்பட்டது என்பதை நெரிசலில் நிற்கும்போது நினைத்துக்கொண்டால் கோபம் கொஞ்சம் தணியும்.) பள்ளிகளும் பாளையங்கோட்டையில்தான் அதிகம். ஆகவே பெருமாள்புரம், மகாராஜநகர் பக்கம் பாருங்கள். ஆற்றை ஒட்டிய தெருக்களில் வாடகை குறைவாகச் சொன்னால் உடனே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் போன்ற இடங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

மறுமொழி 2
அம்மாவின் ஆசையைக் கெடுப்பதாக நினைக்க வேண்டாம். ஆனால் நகரத்துக்குள் ஆற்றில் சாக்கடை கலக்கும் இடங்கள் பல இருப்பதால், வண்ணார்பேட்டைப் படித்துறைகளில் நான் கால்கூட நனைப்பதில்லை. குறுக்குத்துறை பரவாயில்லை. அங்கே முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வருமென்று தெரிந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், தண்ணீர் கோயிலை மூழ்கடித்துவிட்டுப் போன பின் சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி பூசை நடக்கும். நிம்மதியாகக் குளிக்க வேண்டுமானால் சேரன்மகாதேவிக்கு மேற்கே போக வேண்டும். பாபநாசத்தில் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும் என்றாலும், பரிகாரம் என்று சொல்லி ஆற்றில் விட்டுச்செல்லும் வேட்டியும் சேலையும் படித்துறையில் காலைச் சுற்றும். சென்ற மாதம் நானே முழங்கால்வரை சுற்றிய ஒரு பழஞ்சேலையை அவிழ்த்துவிட்டுத்தான் கரையேறினேன்.

மறுமொழி 3
ஜூனில் வருவது நல்ல நேரம். மேற்கே சாரல் தொடங்கி, குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கியிருக்கும். நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேரோட்டமும் அதை ஒட்டியே வரும். கோயிலுக்குக் கூட்டமில்லாத ஒரு நாள் போய், மணி மண்டபத்தில் ஒரே கல்லில் குடைந்த சிறு தூண்களை அம்மாவுக்குக் காட்டுங்கள். தட்டினால் தூணுக்குத் தூண் ஒலி வேறுபடும். வெளியே வந்ததும் அல்வா. அதைப் பெட்டியில் வாங்கி ஊருக்கு அனுப்புவது வேறு; இலையில் சுடச்சுட வைத்துத் தர, விரலிடுக்கில் நெய் வழிய நின்றபடி தின்பது வேறு.

மகளுக்கு இரண்டு இடங்கள்: திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் கோயிலின் சிற்பங்கள், அதே சாலையில் இன்னும் தள்ளி ஆதிச்சநல்லூர். அங்கே அகழ்ந்த குழிகளின் மேல் கண்ணாடி பதித்திருப்பதால், முதுமக்கள் தாழிகளைக் கிடந்த இடத்திலேயே குனிந்து பார்க்கலாம். கூந்தன்குளம் பறவைகளைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்
மூவருக்கும் நன்றி. பெருமாள்புரத்தில் முதல் மாடியில் ஒரு வீடு சொல்லி வைத்தாயிற்று. குறுக்குத்துறைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.