அவசர உதவி: மார்த்தாண்டத்தில் மட்டும் எங்கள் ரியாக்ட் லைப்ரரி இயங்க மறுக்கிறது

வேப்பமூடு: ரியாக்டில் (இணையப் பக்க இடைமுகம் அமைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி) எழுதிய பொத்தான், படிவம், தேதித் தெரிவு ஆகியவற்றை ஒரே லைப்ரரியாகத் தொகுத்து, நாகர்கோவில் அலுவலகத்தில் ஓடும் வெர்டாச்சியோவில் (நிரல் பேக்கேஜ்களைச் சேமித்துப் பகிரும் தனி ரெஜிஸ்ட்ரி) வெளியிட்டிருக்கிறேன். என் கணினியில் குறையின்றி இயங்குகிறது. மார்த்தாண்டத்திலுள்ள நண்பருக்கோ ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்று வருகிறது. நாளை காலை வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டும்.

குளச்சல்: நிறுவும்போதே பிழையா, பில்டின்போதா (மூலக் குறியீட்டை இயங்கும் கோப்புகளாக மாற்றும்போதா)? நிறுவும்போது 404 (‘கிடைக்கவில்லை’) வந்தால், நண்பரின் என்பிஎம்ஆர்சி கோப்பில் (பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம் கருவியின் அமைப்புக் கோப்பு) உங்கள் ஸ்கோப்புக்குரிய (பேக்கேஜ் பெயரின் முன்னொட்டு) ரெஜிஸ்ட்ரி முகவரி விடுபட்டிருக்கலாம். அப்போது என்பிஎம் பொது ரெஜிஸ்ட்ரியில் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பும்.

தக்கலை: ஐயமே வேண்டாம், ரியாக்ட் இரண்டு பிரதிகளாக உள்ளே வந்துவிட்டது. அதைப் பியர் டிபென்டன்சியாக (லைப்ரரியைப் பயன்படுத்தும் திட்டமே தரவேண்டிய சார்பாக) மாற்றுங்கள்.

தோவாளை: பிழைச்செய்தியை முழுதாக ஒட்டாமலும் என்பிஎம் பதிப்பைச் சொல்லாமலும் மருந்து மட்டும் கேட்டால் வைத்தியர் எதைக் கொண்டு நாடி பார்ப்பார்? ரியாக்ட் இரண்டானால் ஹூக் (ரியாக்டின் சிறப்புச் செயல்கூறு) பிழை வரும், மாட்யூல் காணாமல் போகாது என்பதைத் தக்கலை நண்பரும் படித்துக்கொள்ளலாம். அது போகட்டும், நாலு பேர் வேலை செய்யும் இடத்துக்கு ரெஜிஸ்ட்ரி எதற்கு? கிட் (குறியீட்டின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) முகவரியை நேரடியாகக் கொடுத்தால் போதுமே.

குளச்சல்: கிட் டேகை (ஒரு பதிப்புக்கு இடும் பெயர்ச்சீட்டை) யாரும் நகர்த்திவிடலாம், அண்ணாச்சி. மேலும், வெர்டாச்சியோ பொதுப் பேக்கேஜ்களையும் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பேக்கேஜ் நீக்கப்பட்டு எத்தனையோ பில்டுகள் நின்றுபோனதை நினைத்தால் அது சிறு உதவியன்று.

தோவாளை: லாக் கோப்பில் (நிறுவிய சரியான பதிப்புகளின் பட்டியல்) கமிட் (கிட்டில் பதிவான ஒரு மாற்றம்) அடையாளமே பதிவாகிறது, டேகை நகர்த்தினால் என்ன?

குழித்துறை: அந்த வழக்கு பிறகு நடக்கட்டும். வேப்பமூடு, உங்கள் கணினியில் என்பிஎம் லிங்க் செய்து சோதித்தீர்களா? அப்படியானால் அது நீங்கள் வெளியிட்டதைத் தொடவே இல்லை. உங்கள் கோப்புறையையே நேரில் பார்க்கிறது, அங்கே டிஸ்ட் (பில்டின் விளைவு சேரும் கோப்புறை) இருக்கத்தான் செய்யும். பேக்கேஜ் ஜேசனில் (பேக்கேஜின் விவரக் கோப்பு) எவற்றை வெளியிட வேண்டும் என்ற ஃபைல்ஸ் பட்டியலும், எவற்றை விட்டுவிட வேண்டும் என்று தனியாகச் சொல்லும் என்பிஎம்இக்னோர் கோப்பும் இல்லாதபோது, என்பிஎம் கிட்இக்னோரையே (கிட் விட்டுவிட வேண்டியவற்றின் பட்டியல்) பின்பற்றும். பில்டில் உருவாகும் டிஸ்டை எல்லோரும் அதில்தான் எழுதி வைப்போம். என்பிஎம் பேக்கை (வெளியிடும் பொதியை உருவாக்கும் கட்டளை) ட்ரை-ரன்னோடு, அதாவது ஒத்திகையாக, ஓட்டி, உள்ளே போகும் கோப்புகளின் பட்டியலைப் பாருங்கள்.

தக்கலை: ஆனாலும் பியர் டிபென்டன்சியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேப்பமூடு: லிங்க்தான் செய்திருந்தேன், அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. பட்டியலில் எஸ்ஆர்சி (மூலக் குறியீட்டுக் கோப்புறை) முழுதும் இருந்தது, டிஸ்ட் இல்லை. ஃபைல்ஸில் சேர்த்து, 1.0.3 என்ற அதே எண்ணில் மறுபடி வெளியிட விடாததால் 1.0.4 ஆக ஏற்றினேன். மார்த்தாண்டத்தில் ஓடுகிறது. நன்றி.

தோவாளை: என்பிஎம் பதிப்பு எதுவென்று இன்னும் சொல்லவில்லை.